வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?

என் பேத்தி பிறந்து இன்றோடு இருபது நாள். அதற்குள் வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குகிறாள். அவளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அதனால் அவளைப் பெற்ற என் மகளை எழுப்பித் தந்த அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘எழுப்புற அக்கா’ என்றுதான் பெயர். ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் வருகிறவர்கள் கண் திறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர் வேலை. இருபது வருடத்துக்கு முன்னால் தரை துடைக்கச் சேர்ந்தவர். ஒருநாள் நர்ஸ் எவ்வளவு கூப்பிட்டும் ஒரு பெண் விழிக்கவில்லை. இவர் வெளியே போய் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் வீட்டுப் பெயரைக் கேட்டுவந்து காதருகே சொன்னாராம். கண் திறந்துவிட்டது. அன்றோடு துடைப்பம் வேறு கைக்குப் போனது.

என் மகளுக்குப் பகல் பதினொரு மணிக்கு ஆபரேஷன். குழந்தையைக் கொண்டுவந்து காட்டிவிட்டார்கள். மதியம் ஒரு மணி ஆகியும் மகளுக்கு மட்டும் மயக்கம் தெளியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காரணம் இருந்தது. முதல்நாள் மதியம் என் பஞ்சர் கடையில், டயர் அடுக்கில் சாய்ந்து கண்ணயர்ந்தபோது மகளைப் பற்றி ஒரு கெட்ட கனவு. அப்படிக் கண்டால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, இடது பக்கம் மூன்று முறை லேசாகத் துப்பி, புரண்டு படுக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்தது. ஆனால் கண் விழித்தால், இடது பக்கம் ஒரு வாடிக்கையாளர் ஸ்கூட்டரோடு நிற்கிறார். எப்படித் துப்புவது? வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சே சொன்னீங்களே, இப்ப பாருங்க!” என்று அவள் வராந்தாவில் அழுதாள்.

கதவைத் திறந்து அக்கா தலையை நீட்டினார். “பொண்ணை வீட்டுல என்னன்னு கூப்பிடுவீங்க?”

பக்கத்தில் சம்பந்தி, மருமகன். நான் தலையைச் சொறிந்தேன்.

“பூரான்.”

“என்னது?”

“பூரான்மா. சின்னப் புள்ளையில கட்டிலுக்கு அடியிலேயே ஊர்ந்துக்கிட்டு இருப்பா.”

“மூணு வருஷமா இது எனக்குத் தெரியாமப் போச்சே மாமா!” என்றார் மருமகன்.

அக்கா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏண்ணே இப்படி வேர்க்குது?” என்றார்.

“கெட்ட கனவு கண்டு, வெளிய சொல்லிட்டேன்மா.”

“எங்கிட்டயும் சொல்லிடாதீங்க! சொன்னது தப்புதான். அதுக்காக அவ உயிரு உங்க வாயிலயா இருக்கு? தூங்கறப்ப எல்லார் உயிரையும் அல்லா வாங்கிக்கிறான். நேரம் முடிஞ்சதை வெச்சுக்கிறான், மத்ததைத் திருப்பி அனுப்பறான். எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுட்டுப் படுத்தாரு, திரும்பி வரல. நான் கனவும் காணல, யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லவும் இல்ல. துஆ கேட்டுக்கிட்டு நில்லுங்க.”

உள்ளே போனார். கதவிடுக்கில் அவர் குரல் கேட்டது. “பூரான்... ஏ பூரான்... அத்தா வெளிய நிக்கிறாரு பாரு.”

ஒன்றுமில்லை. மறுபடி அதே பெயர். மறுபடியும்.

அப்புறம் ஒரு குழறல். “அத்தா... எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களா?”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே அக்கா, தூங்கி எழுந்ததும் ஓதும் துஆவை மெதுவாக ஓதினார். நம்மை மரணிக்கச் செய்த பிறகு உயிர் கொடுத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும், திரும்பிப் போவதும் அவனிடமே என்ற துஆ. கண் திறக்கிற ஒவ்வொருவருக்காகவும் ஓதுவாராம். “அவங்களுக்கு நாக்கு குழறுது. அவங்களுக்கும் சேர்த்து நான் நன்றி சொல்லிடறேன்” என்று பிறகு வெளியே வந்து சொன்னார்.

நானும் ஐம்பது வருடமாக அதை ஓதுகிறேன், ஒரு கையால் செருப்பைத் தேடிக்கொண்டே. இப்போது பேத்தி என் மடியில் கண் திறக்கும்போதெல்லாம், அவளுக்கும் சேர்த்து, சொல் சொல்லாக நிறுத்தி ஓதுகிறேன். அவளுக்குத்தான் இன்னும் நாக்கு புரளவில்லையே.

அந்தக் கனவு என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன். ஒருதரம் பட்டது போதும். பேத்திக்கு வீட்டுப் பெயர் வைக்கும் உரிமையை என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை.