நான் போடாத சுடோகு

இன்று மூதூரிலிருந்து படகில் வந்து இறங்கும்போது காலை ஒன்பது மணி. இறங்குதுறைக்குப் பக்கத்திலுள்ள றஹீமின் தேத்தண்ணிக் கடையில் வழக்கம்போலப் பத்திரிகையை எடுத்தேன்.

இன்றைய சுடோகுவை யாரோ முடித்திருந்தார்கள். கட்டங்களின் மூலைகளில் என்னுடைய பொடி எண்கள். நடுவில் கோடு கீறிய என்னுடைய ஏழு.

"இது ஆர் போட்டது?"

"என்ன சேர், பகிடியா? ஏழு மணிக்கு நீங்கள்தானே இதே கதிரையில இருந்து போட்டனீங்கள்."

"ஏழு மணிக்கு நான் மூதூரில நிண்டனான்."

"அப்ப சீனி வேண்டாமெண்டு பிளேன்ரீ குடிச்சது ஆர்?"

அறுபத்தெட்டு வயதில் மறதியைத்தான் முதலில் சந்தேகித்தேன்.

கடினமான சுடோகுவில் ஒரு கட்டத்துக்கு இரண்டு எண்கள் பொருந்தினால், ஒன்றைச் சரியென்று வைத்துக்கொண்டு தொடர்ந்து போவோம். முரண்பாடு வந்தால் மற்றதுதான் சரி.

வந்தது நானென்றால், சட்டைப்பையில் மூதூரிலிருந்து எட்டு மணிக்குப் புறப்பட்ட படகின் சீட்டு இருக்கிறது. நானில்லையென்றால், இந்தக் கையெழுத்து இருக்கிறது.

இரண்டுமே முரண்பட்டால், முன்னமே எங்கோ ஒரு பிழையான எண்ணைப் போட்டுவிட்டோம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

இன்று காலை ஏழு மணிக்கு என்னைக் கண்டவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். மூதூரில் கண்டவர்கள் முதலில் எழுதினால் நல்லது.