குரங்கு மழையும் ஒரு சைபரும்

1. திரைக்கு முன்னால் முதல் நாள்

மலைமேல் தானியங்கி மழைமானியை நட்டுவிட்டு, தென்காசி அலுவலகத்தில் என் மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் திரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். "இனிமே இதுதான் உங்க வேலை, கோமதி மேடம். சீசன் முடியற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது" என்றார் எங்கள் அதிகாரி. அவர் வெளியூர்க்காரர். நல்ல மனுஷன், ஆனால் நம்பர் பைத்தியம். நான் தலையை ஆட்டினேன்.

அதுவரை நான் பார்த்த வேலையில் பயம் என்று ஒன்று கிடையாது. அலுவலக வளாகத்தில் பழைய மழைமானி ஒன்று உண்டு. காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, சேர்ந்திருக்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து மேலிடத்துக்கு ஃபோனில் சொல்ல வேண்டும். அது பெய்து முடிந்த மழை. தப்பாகச் சொன்னாலும் யாரும் நனையப் போவதில்லை. வடகரையில் வயல் வைத்திருக்கிற என் அண்ணன்கூட ஒரு நாளும் அந்தக் கணக்கைக் கேட்டதில்லை.

இப்போது வந்த வேலை வேறு. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற இடம் ஒன்று, மழை பெய்கிற இடம் இன்னொன்று. கீழே மெயின் அருவியில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். மேலே காட்டுக்குள் கொட்டு கொட்டென்று கொட்டும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர்வதற்குள் குளிக்கிறவர்களை வெளியேற்றியாக வேண்டும். எங்கள் பக்கம் இப்படி முன்கூட்டிச் சொல்லுகிற சேவை அப்போதுதான் தொடங்கியிருந்தது. மக்களுக்கும் பழக்கமில்லை, எங்களுக்கும் பழக்கமில்லை.

அந்தப் புது மானிக்குள் பெரிய வித்தை எதுவும் கிடையாது. மேலே ஒரு புனல். அதற்கு அடியில் பார்க்கில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடுகிற சீசா பலகை மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்று நிரம்பினால் சாயும், அடுத்தது மேலே வரும். எத்தனை தடவை சாய்ந்தது என்று எண்ணி, உள்ளே இருக்கிற சிம் கார்டு வழியாக எங்களுக்கு அனுப்பும். கூடவே சோலார் பேனலிலிருந்து பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் ஏறுகிறது என்பதையும் அனுப்பும். அந்த இரண்டாவது நம்பரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியது மழை நம்பர். அது ஓர் அளவைத் தாண்டினால் நான் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் போலீஸுக்குச் சொல்வார். அருவியில் நிற்கிற போலீஸ் விசில் அடித்து ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

அருவியில் நிற்கிற அந்தப் போலீஸ் என் வீட்டுக்காரர். பெயர் சங்கரபாண்டி, ஏட்டு. சீசனுக்குச் சீசன் மெயின் அருவி டூட்டி அவருக்குத்தான் விழும். விசில் அடித்தால் பாதிப் பேர் வெளியே வருவார்கள். மீதிப் பேர் "ஒரே நிமிஷம் சார்" என்பார்கள். அவர்களை இழுத்துவர, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அருவிக்குள் இறங்குகிறவர் இவர். ஆகவே நான் எச்சரிக்கை சொல்லாவிட்டால் ஊரார் உயிர் போகலாம். சொன்னால் முதலில் உள்ளே போகிறவர் என் புருஷன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

2. குரங்கு மழை

அந்தச் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை நம்பர் திடீரென்று எகிறியது. அதிகாரியைக் கூப்பிட்டேன், அவர் போலீஸைக் கூப்பிட்டார், அருவியில் குளியல் நின்றது. ஆயிரக்கணக்கான ஜனம் ஈரத் துண்டோடு ரோட்டில் நின்று எங்களைத் திட்டியது. தண்ணீர் வரவே இல்லை. அருவியில் இருக்கிற ஆர்ச்சுக்கு உள்ளேயே, சமர்த்தாக விழுந்துகொண்டிருந்தது. ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால்தான் குற்றாலத்தில் ஆபத்து.

மறுநாள் எங்கள் டெக்னீஷியன் மாரிமுத்து மலையேறிப் பார்த்துவிட்டு வந்தான். கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். "மேடம், மழையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கொரங்கு! கம்பத்தப் புடிச்சுத் தொங்கி ஆட்டியிருக்கு. உள்ள கிண்ணம் ரெண்டும் டொக்கு டொக்குன்னு ஆடுனதத்தான் நீங்க மழைன்னு பாத்திருக்கீங்க" என்றான்.

ஊரே சிரித்தது. சிரிக்காதவர் சுப்பையா அண்ணாச்சி ஒருவர்தான். அருவிக்குப் போகிற வழியில் நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருப்பவர். அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எம்மா, சீசன்ல ஒரு ஞாயித்துக்கிழம யாவாரம்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? கொரங்கு ஆட்டுனதுக்கெல்லாம் அருவியப் பூட்டுனா நாங்க எங்கன போய் நிக்க?"

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"இனி ஒரு தடவ இப்படி நடந்துச்சு, கடக்காரங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து இங்கனயே உக்காருதேன், ஆமா!"

அவர் போனதும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு தப்பு நடந்தா இந்த சர்வீஸையே மூடிடுவாங்க. இனிமே நம்பர் லிமிட்டைத் தாண்டினாத்தான் எச்சரிக்கை. அதுவும் என் பெர்மிஷன் இல்லாம ஒரு ஃபோன் வெளியில போகக் கூடாது" என்றார்.

எனக்கு அதுவெல்லாம் பெரிதாகப் படவில்லை. அந்த ஞாயிறு ஆட்களை இழுக்கப் போன என் வீட்டுக்காரர் பாசியில் சறுக்கி விழுந்து முழங்கால் வீங்கிக் கிடந்தார். தைலம் தேய்த்துவிட்டபோது கேட்டேன்.

"ஏங்க, உள்ள எறங்காம விசில் மட்டும் அடிச்சாப் போதாதா?"

"விசிலுக்கு வெளிய வாரவன் எவன்ட்டி இருக்கான்?"

"குரங்கு ஆட்டுனதுக்குப் போய் உங்க காலு போச்சே."

"காலுதான? விடு" என்றார். அடுத்த தடவை காலோடு போகும் என்று எனக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்?

3. சைபர்

இரண்டு வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள். மாரிமுத்து கம்பத்தைச் சுற்றி முள்ளைக் கட்டிவிட்டு வந்திருந்தான். குரங்குத் தொல்லை தீர்ந்தது. திரையில் காலையிலிருந்து மழை சைபர். அதிகாரிக்குச் சைபர் என்றால் பிடிக்கும். சைபரால் யாரும் திட்டு வாங்குவதில்லை. அவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நானும் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

தயிர்சாதத்தில் கை வைத்தபடியே திரையைப் பார்த்தேன். கண் எதேச்சையாக அந்த இரண்டாவது நம்பரில் விழுந்தது. சார்ஜ் ஏறுவது அடியோடு குறைந்திருந்தது. சாயங்காலம் பொழுது இறங்கும்போதுதான் அந்த அளவுக்குக் குறையும். வெளியே பார்த்தேன். தென்காசியில் நல்ல மதிய வெயில்.

நட்ட நடு மதியத்தில் மேலே அப்படி இருட்டியிருக்கிறது என்றால் பேனலுக்கு மேல் கனத்த மேகம் நிற்கிறது. சரி, சீசனில் மலையில் மேகம் நிற்பது புதிதா? இல்லை. பழைய நாட்களின் நம்பர்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இருட்டிய நாள் ஒவ்வொன்றிலும் கொஞ்சமாவது மழை காட்டியிருந்தது. சும்மா சாரல் விழுந்தாலே கிண்ணம் ஒரு தடவை, இரண்டு தடவை சாயும். இவ்வளவு இருட்டில் ஒரு சொட்டுகூட இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் புனல் அடைத்திருக்க வேண்டும். புனல் அடைத்திருந்தால் மேலே வானமே பொத்துக்கொண்டு ஊற்றினாலும் இங்கே சைபர்தான் வரும்.

டிபன் பாக்ஸை மூடினேன். கையைக் கழுவிவிட்டு மாரிமுத்துவைக் கூப்பிட்டேன். அவன் சிவகிரிப் பக்கம் வேறொரு மானியைப் பார்க்கப் போயிருந்தான். "இங்கன இருந்து வந்து மேல ஏறணும்னா பொழுது அடஞ்சிரும் மேடம்" என்றான். அதிகாரியைக் கூப்பிட்டேன்.

"மழை எவ்வளவு காட்டுது?"

"சைபர் சார். ஆனா சார்ஜ் எறங்கியிருக்கு, மேல நல்லா இருட்டு..."

"மேடம், போன தடவை குரங்குக்கு எச்சரிக்கை. இப்ப மேகத்துக்கு எச்சரிக்கையா? சைபர்னா சைபர்தான். நான் மீட்டிங்ல இருக்கேன்."

வைத்துவிட்டார். அவர்மேல் கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். தப்பானால் வேலைக்கு ஆபத்து, சேவையை மூடிவிடுவார்கள், அண்ணாச்சி கடைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வருவார். சரியாக இருந்தால் அது இன்னும் கொடுமை. நான் கூப்பிட்டுச் சொல்கிற அந்த நேரத்தில்தான் இவர் வீங்கிய காலோடு அருவிக்குள் இறங்குவார், அந்த நேரத்தில்தான் தண்ணீரும் வரும். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேசாமல் உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்தில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற தாய்மார் ஞாபகம் வந்தது. இவர் நம்பரை அழுத்தினேன்.

"ஏங்க, ஆளுகள வெளியேத்துங்க."

"எத்தன மில்லி காட்டுது?"

"சைபர்."

"சைபருக்கா வெளியேத்தச் சொல்லுத? இங்கன வெயிலு அடிக்குது. தண்ணி ஆர்ச்சுக்கு உள்ளதான் விழுது."

"மிஷினு அடைச்சிருக்குன்னு நெனைக்கேன். மேல இருட்டிக் கெடக்கு. சார் வேண்டாம்னுட்டாரு. நானாத்தான் சொல்லுதேன்."



"பயப்படுதியா?"

"ஆமாங்க. ரொம்பப் பயமா இருக்கு."

"சரி. வச்சிரு."

"நீங்க உள்ள போகாதீங்க. கேக்குதா? நீங்க போகாதீங்க..."

"நான் போகாம வேற எவன் போவான்?" என்றார். லைன் கட்டானது.

4. சுப்பையா அண்ணாச்சியின் ஃபோன்

அதற்குப் பிறகு இவர் ஃபோன் போகவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன், ஸ்விட்ச் ஆஃப் என்றது. திரையில் மழை சைபர். அடுத்த தகவல் வந்தது, அதுவும் சைபர். இசக்கியம்மன் தொடங்கி குற்றாலநாதர் வரை எல்லாருக்கும் நேர்ந்துகொண்டேன்.

அதிகாரி கூப்பிட்டார். "யாரைக் கேட்டு நிறுத்தச் சொன்னீங்க? குளிக்க விடலைன்னு எனக்குப் புகார் மேல புகார் வருது. தண்ணி ஒண்ணும் வரலையாம்! நாளைக்கு எழுத்துல பதில் சொல்லணும் நீங்க."

"சொல்லுதேன் சார்" என்றேன். எனக்கு அப்போது ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. தண்ணீர் வரவில்லையா? வராமலே போகட்டும். என் வேலை போனாலும் போகட்டும்.

சற்று நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. எடுத்தால் காதைக் கிழிக்கிற இரைச்சல். அருவிக்குப் பக்கத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், இப்படி ஒரு இரைச்சலைக் கேட்டதில்லை. அதற்குள்ளிருந்து ஒரு ஆள் கத்தினார்.

"எம்மா, நான் சிப்ஸ் கட சுப்பையா பேசுதேன்! தண்ணி வந்துட்டும்மா! ஆர்ச்சே தெரியல! மரமும் மண்ணுமா வருது!"

அண்ணாச்சி அழுதுகொண்டிருந்தார். அவர் எதற்காக என்னைக் கூப்பிட வேண்டும்? இவர் ஏன் கூப்பிடவில்லை?

"அண்ணாச்சி... அவுக எங்க?"

"இங்கனதான் இருக்காருமா! எங் கட வாசல்ல! மேலெல்லாம் நடுக்கம், அதான் பேச முடியல. இந்தா, குடுக்கேன்."

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு இவர் குரல்.

"ஏட்டி..."

எனக்கு அழுகைதான் வந்தது.

"அழாத. ஒருத்தரும் உள்ள இல்ல. கடேசியா ஒருத்தன் வர மாட்டேன்னு நின்னான். எண்ண தேச்ச ஒடம்பு, புடிச்சா வழுக்குது. இடுப்புத் துண்டோட சேத்து இழுத்துப் படி ஏறினேன். திரும்பிப் பாத்தா நாங்க நின்ன எடத்தக் காணும். ஃபோனும் தொப்பியும் போச்சு."

"போனாப் போகுது."

"ஏட்டி, இப்ப எவ்வளவு காட்டுது உம் மிஷினு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். புதுத் தகவல் வந்திருந்தது.

"சைபர்" என்றேன்.



5. பிறகு

தண்ணீர் வடிந்ததும் மாரிமுத்து மலையேறினான். புனலின் வாயில் குரங்கு கடித்துப் போட்ட பழமும் சருகும் சேர்ந்து மெழுகு மாதிரி அடைத்திருந்ததாம். முள் கட்டிய கோபத்தில் மேலே மரத்திலிருந்து எறிந்திருக்கும் என்பது அவன் கட்சி. புனல் விளிம்பு வரை தண்ணீர் தளும்பி நின்றதாம். கீழே கிண்ணங்கள் காய்ந்து கிடந்தன.

அதிகாரி எழுத்தில் பதில் எதுவும் கேட்கவில்லை. என் மேசைக்கு வந்தார். "அந்த ரெண்டாவது நம்பரை எப்படிப் பார்க்கறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க மேடம்" என்றார். மலைமேல் இரண்டாவது மானி வந்தது அதற்குப் பிறகுதான்.

நான் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். இப்போது அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெரிய நம்பரைப் பார்த்து எல்லாரும் பயப்படுவார்கள், அதற்கு ஆள் தேவையில்லை. சைபர் வந்தால் மழை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மானி ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வேறு எதையாவது பார்த்து, வேறு யாரையாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை பயந்துகொண்டே இருங்கள், தப்பில்லை.

இவருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. சீசன் வந்தால் மெயின் அருவி டூட்டிதான். மதியம் கூப்பிடுவேன். எடுக்காவிட்டால் வேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு உட்கார எனக்குத் தெரியாது. உடனே சிப்ஸ் கடைக்குப் போடுவேன். நான் என்ன கேட்கப் போகிறேன் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். ஹலோகூடச் சொல்ல மாட்டார்.

"நிக்காரும்மா, நல்லா நிக்காரு" என்பார். அதற்கப்புறம்தான் நான் சாப்பிட உட்காருவேன்.