ஆமாம் என்று ஆடிய தலை

இந்த ஊர்க் கடைகளில் காசு கொடுத்ததும் "பை வேண்டுமா?" என்று கேட்பார்கள். நான் வேண்டும் என்று தலையாட்டுவேன். உடனே கடைக்காரப் பெண் எடுத்த பையை மறுபடி மேசைக்கு அடியில் வைத்துவிடுவாள். அயர்லாந்துக்கு வந்த புதிதில் உருளைக்கிழங்கையும் பால் பாக்கெட்டையும் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு எத்தனையோ தடவை மழையில் வீடு வந்திருக்கிறேன். கேட்டுவிட்டுத் தராமல் இருப்பது என்ன மரியாதை என்று கோபம்கூட வந்தது. தப்பு என் தலையில் என்பதை என் கணவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். நாம் 'சரி' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறோம் அல்லவா, அது இவர்கள் கண்ணுக்கு 'வேண்டாம்'. இவர்களுடைய 'ஆமாம்' பூம்பூம் மாடு ஆட்டுவதுபோல மேலும் கீழுமாகப் போகிறது. பிறந்ததிலிருந்து ஆடிப் பழகிய தலையை என்ன செய்வது? வீட்டிலிருந்தே ஒரு பை எடுத்துப் போகக் கற்றுக்கொண்டேன்.

கணவர் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். நான் ஒரு சிறப்புப் பள்ளியில் ஆசிரியைக்கு உதவியாளர். ஊரில் நான் சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தவள். அந்தப் பட்டம் மட்டும் இங்கே வகுப்பு நடத்தப் போதாது. இன்னும் இரண்டு வருஷம் இங்கே படித்தால்தான் ஆசிரியை. இதெல்லாம் தெரியாமல் எங்கள் ஊர் ஆரணியிலிருந்தும் வந்தவாசிப் பக்கமிருந்தும் சில பெண்கள் என்னிடம் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: "அக்கா, ஸ்பெஷல் எஜுகேஷன் படிக்கலாமா? போட்ட காசை எடுக்க முடியுமா?" சட்டென்று பதில் எழுத எனக்குக் கை வருவதில்லை. ஒரே படிப்பை இரண்டாம் தடவை காசு கொடுத்து வாங்குவதா என்று நானே திகைத்து நின்றவள்தான்.

முதல் தடவை வாங்கும்போது கணக்குப் போட்டவர் என் பெரியப்பா. அவர் தறிக்காரர். எதையும் புடவைக் கணக்காகத்தான் பார்ப்பார். "பாவு நூலு எவ்ளோ, ஜரிகை எவ்ளோ, கூலி எவ்ளோ, வித்தா இன்னா வரும்? அத்த பாரு மொதல்ல. நீ சொல்ற படிப்புல ஜரிகைக் காசுகூட தேறாதும்மா. நர்சிங் படி, ஃபாரின் போலாம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. படித்து முடித்து ஒரு நிறுவனத்தில் தொகுப்பூதியத்துக்குச் சேர்ந்தேன். கலசப்பாக்கம் பக்கம் வீடு வீடாகப் போய், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சியதை வைத்து ஒரு புடவை எடுக்க முடியாது, பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு. கோடை விடுமுறையில் அந்தச் சம்பளமும் கிடையாது.

ஆனால் நான் அந்தப் படிப்புக்குப் போனது கணக்குப் பார்த்து அல்ல. என் தம்பி பாலுவுக்காக. அவனுக்குப் பேச்சு வரவில்லை; யாரைப் பார்த்தும் எதையும் செய்ய மாட்டான். கை தட்டிக் காட்டினால் கையைப் பார்ப்பான், தட்ட மாட்டான். பள்ளியில் படிக்கும்போதே நான் தினமும் சாயங்காலம் உள்ளங்கையில் பொட்டுக்கடலையை வைத்துக்கொண்டு அவன் எதிரில் உட்காருவேன். "வேணுமா?" என்று கேட்டு, அவன் இரு கன்னத்தையும் பிடித்துத் தலையை மெல்லப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு, கடலையைக் கொடுப்பேன். மாதக்கணக்கில் என் கைதான் ஆட்டியது. ஒருநாள் அம்மா ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டே "காபி வோணுமாடா?" என்று சும்மா கேட்டாள். பாலு தானாகத் தலையை ஆட்டினான். அம்மா ராட்டையை விட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நூல் முழுக்கச் சிக்கலாகிப் போனது, அதை அன்றைக்கு யாரும் பொருட்படுத்தவில்லை. உலகத்தில் எனக்குச் செய்யத் தெரிந்த வேலை இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே என் பொறுப்பில் இருப்பவள் ரோஷீன் என்ற சிறுமி. பாலுவைப் போலவே பேச்சில்லை, யாரையும் பார்த்துச் செய்வதும் இல்லை. ஆசிரியை மோரா அவளுக்கு 'ஆமாம்' சொல்லக் கற்றுக்கொடுக்க என்னென்னவோ செய்து பார்த்தார். கொஞ்ச நாளாக ரோஷீன் ஒரு புது வம்பு ஆரம்பித்தாள். பழரசத்தைக் காட்டி "வேண்டுமா?" என்றால் தலையை இப்படியும் அப்படியும் அசைப்பாள். சரி, வேண்டாம் போலிருக்கிறது என்று மோரா கிளாஸை எடுத்துக்கொள்வார். உடனே ரோஷீன் தரையில் விழுந்து அழுவாள். "பிடித்த எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறாளே" என்று மோரா கவலைப்பட்டார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவள் தலையைப் பார்த்தேன். இவர்கள் 'வேண்டாம்' என்றால் முகத்தை இடமும் வலமுமாகத் திருப்புவார்கள். இவள் திருப்பவில்லை. தோளுக்குத் தோள் சாய்த்தாள், சாவகாசமாக, எங்கள் ஊர்க் கல்யாணத்தில் "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?" என்றால் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அச்சாக அப்படி. ஐயோ, இது என் தலையாட்டல்! நாள் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தியைப் பார்த்துச் செய்திருக்கிறாள். அது ஆரணித் தலையாட்டலாகப் போய்விட்டது. வேண்டும் வேண்டும் என்று கேட்ட குழந்தையிடமிருந்து நாங்கள் பிடுங்கிப் பிடுங்கி வைத்திருக்கிறோம்.

கிளாஸை அவள் கையில் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. மோராவிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நான் அவரைப் பார்த்து ஆட்டியதெல்லாம் 'சரி' என்ற அர்த்தத்தில்தான் என்றதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்படியானால் இத்தனை நாளாக நான் சொன்ன எதையும் நீ மறுக்கவே இல்லையா?" இல்லை என்றேன். "நல்ல பிடிவாதக்காரி என்று உன்னைப் பற்றி வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேனே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ரோஷீனின் ஆட்டலை மாற்ற வேண்டாம், அதுவும் 'ஆமாம்'தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மட்டும் மற்றப் பிள்ளைகளுக்காக மேலும் கீழும் ஆட்டிப் பழகினேன். அந்த வாரம் ரோஷீனின் அம்மா பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும் கண்கலங்கி, தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். மோராதான் அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ உதவியாளராக இருக்க வேண்டியவள் இல்லை. அந்தப் படிப்பைப் படி."

படிக்கலாம். ஆனால் கட்டணம் நாங்கள் ஆரணியில் வீடு கட்டச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தை அப்படியே விழுங்கிவிடும். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். எங்கள் வீடு எழும்புமுன்பே இந்தப் படிப்பு அதைத் தின்னப் பார்த்தது. அந்த வீடு எங்கள் ஆடம்பரத்துக்கு அல்ல. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. பாலுவை இங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்ள விசா கிடைப்பது லேசில்லை. நாங்கள் திரும்பிப் போய் அவனோடு இருக்கத்தான் அந்த வீடு. படித்தால் சம்பளம் கூடும், விட்ட பணம் சில வருஷத்தில் திரும்ப வந்துவிடும். அந்தச் சில வருஷத்தை பாலுவுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? பெரியப்பாவின் கணக்கில் இதற்கு இடமே இல்லை. "நான் டூட்டி கூடப் போட்டுக்கறேன், நீ படி" என்றார் கணவர். எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிறு மதியம், ஊரில் சாயங்காலம், வீடியோவில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வூடு எங்கடி போவப்போவுது? மனை அங்கயேதான் கெடக்குது. நீ படி" என்றாள்.

"உன் முட்டி வலிம்மா?"

"அது கெடக்குது. நான் நடந்துகினுதானே இருக்கேன்?" பக்கத்தில் இருந்த பாலுவைத் திரும்பிப் பார்த்தாள். "இவன்தான் பேஜாரு. வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டா நீ வந்துட்டன்னு எழுந்து நின்னுகினு இருக்கான். அவங்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுடு. அப்பறமா பணம் கட்டு."

போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். என் தம்பிக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. "பாலு, அக்கா படிக்கட்டுமாடா? வர லேட்டாகும். சரியா?" என்றேன். அவன் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். என் குரலில் 'சரியா' என்று எதைக் கேட்டாலும் அவன் அப்படித்தான் ஆட்டுவான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குள் இருக்கும் ஆசிரியைக்குத் தெரியும். அக்கா எடுத்துக்கொண்டாள். மறுநாள் பணம் கட்டினாள்.

"வருவேன்டா. கண்டிப்பா வருவேன்" என்று அன்றைக்குப் போனை வைக்குமுன் அவனிடம் சொல்லும்போது என் தலை தானாக மேலும் கீழும் அசைந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, பாலுவின் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தக் கண்கள் என் முகவாயோடு ஏறி ஏறி இறங்கின. அவன் ஆட்டுவதை நிறுத்திவிட்டான். பிறகு முகவாயை மெல்ல மார்புவரை இறக்கினான். தூக்கினான். மறுபடி இறக்கினான்.

"இன்னாடா இது, புதுசா ஆட்டற? யார் கத்துக் குட்த்தாங்க உனுக்கு?" என்று அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு அயர்லாந்துக்காரனைப் போல, ஆமாம், ஆமாம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தான்.