பெட்டிக்குக் கிடைத்த குளிரறை

அந்த வெக்கை வாரத்தில் எங்கள் வரைபடம் மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. ரொறன்ரோவே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பிக்கரிங்கிலிருந்து நான் ஏறும் ரயிலில் சனம் ஒருவர் மேல் ஒருவர் படாமல் நிற்கப் பெரும் பாடுபட்டது. பல்கலைக்கழகத்திலோ, ஸ்காபரோவிலுள்ள ஒரு பழைய அடுக்குமாடியின் பன்னிரண்டு வீடுகளிலிருந்து வந்த வெப்பநிலைக் கோடுகள் ஏறாமல் இறங்காமல் சுகமாகப் படுத்துக்கிடந்தன.

சூழலின் நிலைபேறு பற்றிய பாடம் ஒன்றை நானும் ஒரு கட்டடப் பொறியியல் பேராசிரியரும் சேர்ந்து நடத்துகிறோம். நான் சமூகவியல். அவர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், எண்களைத் தவிர எதையும் நம்பாதவர். பல துறைகள் கைகோத்து ஆராய்வது என்று பாடத்திட்டத்தில் அழகாக எழுதி வைத்திருக்கிறோம். நடப்பில் அவர் அளப்பார், நான் ஆட்களோடு கதைப்பேன், மாணவர்கள் எங்கள் இருவருக்கும் இடையில் ஓடித்திரிவார்கள்.

அந்தக் கட்டடத்தில் பெரும்பாலும் எங்கள் ஈழத்து ஆட்கள். பழைய வயரிங் என்பதால் வீட்டுக்கு ஒரு ஏசிக்கு மேல் போடக்கூடாது என்று நிர்வாகம் சட்டம் வைத்திருந்தது. வெக்கை தாங்க முடியவில்லை, கட்டடத்தைத் திருத்தித் தாருங்கள் என்று குடியிருப்பவர்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் அளந்து சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்றது நிர்வாகம். அதனால்தான் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டிகளோடு நாங்கள் அங்கே போனோம். ஹோலில், அதாவது ஆட்கள் புழங்கும் முன்னறையில், வைக்கவேண்டும் என்று ஆங்கிலத் தாளில் இருந்தது. அதை வீடு வீடாகத் தமிழில் விளங்கப்படுத்தியது நான்.

முதல் வாரத் தரவைப் பார்த்த பேராசிரியருக்கு வாயெல்லாம் பல்.

"இங்க பாருங்க, எவ்வளவு சுத்தமான டேட்டா! நீங்கதான் சும்மா வெக்கை வெக்கைன்னு பயமுறுத்தினீங்க."

ஒரு பெட்டி மட்டும் மார்கழி மாதத்துக் குளிரைக் காட்டியது. பழுது என்று அதை ஒதுக்கினோம். மற்றவற்றைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் கோடுகளின் அழகில் நானும் மயங்கித்தான் போனேன். பூர்வாங்க அறிக்கை நிர்வாகத்துக்குப் போனது. கீழே என் கையெழுத்தும் இருந்தது.

அடுத்த கிழமை பெட்டிகளைப் பார்த்துவர நான் தனியாகப் போனேன். லிஃப்டுக்குள் புதிதாக ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. பல்கலைக்கழக ஆய்வின்படி இக்கட்டடத்தின் வெப்பநிலை பாதுகாப்பானது, ஆகவே குடியிருப்பாளர்களின் கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்று. அதை வாசித்து முடிக்குமுன் ஒன்பதாம் மாடி வந்துவிட்டது.

கதவைத் திறந்த வீட்டுக்கார அன்ரியின் கழுத்தில் ஈரத்துவாய் கிடந்தது. உள்ளேயிருந்து வந்த வெக்கை முகத்தில் அறைந்தது. ஹோலில் நிலத்தில் பாயைப் போட்டு அவரது கணவர், அங்கிள், படுத்திருந்தார். நெற்றியில் ஒரு ஈரத்துணி.

"முந்தநாள் மயங்கி விழுந்திட்டார் பிள்ளை. அம்புலன்ஸில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நேற்றுத்தான் வீட்டை விட்டவங்கள். ஏலுமெண்டாக் குளிரான இடத்தில வைச்சிருக்கச் சொல்லினம்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த வீட்டின் வெப்பநிலைக் கோட்டை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கலாம் போல இருந்தது.

"அன்ரி, அந்தப் பெட்டி எங்க?"

"அது பத்திரமா இருக்குப் பிள்ளை, பயப்படாதேங்கோ" என்று பெருமையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அது அவர்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்ணின் அறை. அவள் கல்லூரியில் படிப்பவள், வீட்டின் ஒரே ஏசி அவளுடையது. உள்ளே காலை வைத்ததும் எனக்குப் புல்லரித்தது. அவளது மேசையில், மடித்த கைலேஞ்சித் துணியின் மேல், எங்கள் பெட்டி கொலு வீற்றிருந்தது.

"ஏன் அன்ரி இதுக்குள்ள வைச்சனீங்கள்?"

"ஹோலுக்க சரியான வெக்கை எல்லோ. இரவல் சாமான், பழுதாப் போனா? நீங்கள்தானே சொன்னனீங்கள், விலை கூடின சாமான், கவனமாப் பாருங்கோ எண்டு."

உண்மைதான். சொன்னேன். ஆங்கிலத் தாளில் அந்த வரி இல்லை. ஒரு வீட்டில் ஒரு பொருளை ஒப்படைக்கும்போது வாயில் தானாக வரும் பேச்சு அது. பன்னிரண்டு வாசலிலும் அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அங்கிளையும் இதுக்குள்ள படுக்க விட்டிருக்கலாமே?"

"என்ன கதை பிள்ளை இது! வாடகைக்கு இருக்கிற பொம்பிளைப்பிள்ளையின்ர அறை. பெட்டியை வைக்கக் கேட்டனான், ஓமெண்டவள். இவரை வைக்க எப்பிடிக் கேக்கிறது?"

மற்ற வீடுகளுக்கு ஓடினேன். ஒரு வீட்டில் பெட்டி ஏசிக்கு நேர் கீழே, சாமிப்படத்துக்குப் பக்கத்தில். இன்னொன்றில் பொலித்தீன் உறையோடு ஏசி போட்ட படுக்கையறையின் அலுமாரிக்குள். நாங்கள் பழுது என்று ஒதுக்கிய பெட்டி ஃபிரிட்ஜில், மரக்கறித் தட்டில், கத்தரிக்காயோடு இருந்தது. எல்லோரும் அதைத் துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஒருவர்கூட நாங்கள் சொன்ன இடத்தில் வைக்கவில்லை. படிக்கட்டில் குந்தியிருந்து பேராசிரியரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பன்னெண்டுமா?" என்றார்.

"பன்னிரண்டும்."

நான் கத்தினேன். அவர்மேல் இல்லை, என்மேல்தான் கோபம், ஆனால் போனில் அகப்பட்டவர் அவர். கடைசியில் மெதுவாக, "அந்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கணுங்க, இன்னைக்கே" என்றார்.

அன்று பின்னேரமே இருவரும் நிர்வாகத்தின் அலுவலகத்துக்குப் போனோம். நாங்கள் அளந்தது வீடுகளின் வெக்கையை இல்லை, எங்கள் பெட்டிகளுக்குக் கிடைத்த உபசாரத்தை என்று சொன்னபோது அங்கிருந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்தில் தாருங்கள் என்றார். கொடுத்தோம். லிஃப்டிலிருந்த கடதாசியை நானே உரித்தெடுத்தேன், அனுமதி கேட்கவில்லை.

மறுநாள் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போய் எல்லாப் பெட்டிகளையும் அந்தந்த வீட்டு ஹோல் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். அன்ரியின் வீட்டில் அங்கிளின் தலைமாட்டுக்கு மேலே அது தொங்கியது. இந்தமுறை கவனம் பற்றி ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை. வாடகைக்கு இருக்கும் பெண் விஷயம் கேள்விப்பட்டு, பகலில் தன் அறை சும்மாதானே கிடக்கிறது, அங்கிள் படுக்கட்டும் என்று தானாகவே சொன்னாள். அன்ரி சரியென்று தலையை ஆட்டினார். ஆனாலும் அங்கிளின் பாயை ஹோலிலேயே விரித்தார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், வகுப்பில் அந்தப் புதிய கோடுகளைத்தான் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் மலை போல ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அன்ரி அழைத்தார். வகுப்பென்றும் பாராமல் எடுத்தேன்.

"பிள்ளை, பெட்டி தொட ஏலாமச் சுடுது. திரும்ப அந்தப் பிள்ளையின்ர அறைக்குள்ள வைக்கட்டே?"

"வேண்டாம் அன்ரி," என்றேன். "அங்கிளை வையுங்கோ."