கூரைக்கு அடித்த வெள்ளை

என் கணவரின் சிறுநீரகங்கள் தளரத் தொடங்கியபோது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று வைத்தியர் அளவு சொல்லியிருந்தார். அந்த அளவைப் போத்தலில் நிரப்பிக் காலையிலேயே கட்டிலருகே வைத்துவிடுவேன். யுத்தத்தில் ஓடு போனபின் நாங்கள் போட்ட தகரக் கூரையோ பத்து மணிக்கே அறையை அடுப்பாக்கியது. மின்விசிறி அந்தச் சூட்டையே அவர்மீது இறக்கியது. பதினொரு மணிக்குள் போத்தல் முடிந்துவிடும். பிறகு அவர் கேட்பார். நான் மறுக்க வேண்டும்.

வீட்டைக் குளிர்விப்பது பற்றி நான் தேடி வாசித்தது அதனால்தான். குளிரூட்டியை எங்கள் பழைய வயர்கள் தாங்கா. சூட்டை உள்ளே விடாமல் தடுப்பதே வழி. கொத்துவேலை செய்யும் மேசனார் வந்து, முகட்டருகே எப்போதோ அடைத்திருந்த காற்றுத் துவாரங்களைத் திறந்தார். மேற்கு யன்னலுக்குக் தென்னோலைக் கிடுகுத் தட்டி கட்டினார். கடைசியாகப் பசை கலந்த சுண்ணாம்பைத் தகரத்துக்கு அடித்தார்.

"வெள்ளை கட்டியாச்சுப் போலை," என்றார் கணவர், படுத்தபடியே. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் முகட்டின் கீழ் வெள்ளைத் துணி கட்டுவார்கள். "எடுக்கிறது எப்ப எண்டும் சொல்லிப்போட்டுப் போங்கோவன்."

"ஐயா, கலியாண வீட்டுக்கும் வெள்ளைதானே கட்டுறது."

"அப்ப பொம்பிளையைக் காட்டும்."

மேசனார் சிரித்தார். என்னால் முடியவில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்பு வேலை செய்தது. பிற்பகல் இரண்டு மணிக்கும் போத்தலில் நாலு விரல் தண்ணீர் மிஞ்சிய நாட்கள் வந்தன.

பிறகு மழை தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் அவருக்கு ஆகாது என்பதால், கூரையிலிருந்து தொட்டியில் சேரும் மழைநீரைத்தான் அவர் குடித்தார். முதல் மழையை வெளியே திருப்பிவிட்டு, இரண்டாம் மழையிலிருந்து குழாயைத் தொட்டிக்கு மாற்றுவது இங்கே எல்லோரும் செய்வது. தூசியும் எச்சமும் முதல் மழையோடு போய்விடும். சுண்ணாம்பும் அப்படியே போய்விடும் என்று நம்பி, நானும் அதையே செய்தேன். ஆனால் சுண்ணாம்பு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் குவளையில் வந்த தண்ணீர், அரிசி கழுவியதைப்போல் வெளுத்திருந்தது. போன வருடம் சேமித்ததும் அதோடு கலந்துவிட்டது. தொட்டி முழுவதையும் திறந்துவிட்டோம்.

மிச்சச் சுண்ணாம்பைத் தேய்த்தெடுக்க மேசனார் தும்புத் தூரிகையோடு ஏணியடியில் நின்றார். "உரஞ்சவோ, ரீச்சர்? யோசிச்சுச் சொல்லுங்கோ."

உள்ளேயிருந்து கணவர்தான் பதில் சொன்னார். "உரஞ்சச் சொல்லும். குளிர்ச்சியைக் குடிக்கேலாது."

கூரை பழையபடி மங்கியது. மிச்ச மழையில் தொட்டி நிறைந்தது.

பங்குனியில் ஒரு நாள், பத்தரைக்கே போத்தல் முடிந்துவிட்டது. "ஒரு மிடறு," என்றார். ஈரத்துணியால் அவருடைய உதடுகளைத் துடைத்தேன். துணியின் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டார். சிறிது நேரம் விட்டுவிட்டு, மெதுவாக இழுத்தெடுத்தேன்.