பத்தாம் நம்பர் பெஞ்சு

எங்கள் சபையில் யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்பதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த பத்துக் கட்டளைகளையாவது அவ்வப்போது மீறுவார்கள்; இதை மட்டும் மீறவே மாட்டார்கள்.

புனேக்குப் பக்கத்தில், தேஹு ரோட்டில் ராணுவ டெப்போ குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கல் கோயில் அது. காலை ஏழரைக்குத் தமிழ் ஆராதனை, பத்து மணிக்கு மராத்தி ஆராதனை. இருபது குடும்பம் எங்கள் சபை. பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ டெப்போ வேலைக்கு வந்தவர்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நீளப் பெஞ்சுகள். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். வலது பக்கம் முதல் பெஞ்சில் என் அப்பா. அவர்தான் சபைக்கு செக்ரட்டரி. வலது பக்கம் கடைசி பெஞ்சில் என் சித்தப்பா. அவர்கள் இருவருக்கும் நடுவில் மூன்று பெஞ்சும் மூன்று வருஷமும் இருந்தன.

சித்தப்பா ஒரு மராத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். எங்களைப் போல அவர்களும் வேதக்காரர்கள்தான். ஆராதனைகூட எங்கள் கோயிலிலேயே, பத்து மணிக்கு. ஆனாலும் அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. “இந்த ஊர்ல இத்தன வருஷமா தமிழ இழுத்துப் பிடிச்சி வச்சிருக்கோம், இவன் ஒரே நாள்ல அவுத்து விட்டுட்டான்” என்றார். அதோடு பேச்சு நின்றது. சித்தியோ தன் சொந்த சபையை விட்டுவிட்டு ஏழரை மணிக்கே சித்தப்பாவோடு வருவாள். இடது பக்கக் கடைசி பெஞ்சில், வாசலோரம், தனியாக உட்காருவாள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள். ஒரு எழுத்தும் தெரியாது. ராகத்தை மட்டும் முனகுவாள்.

புதிதாக வந்த போதகர் வயது குறைந்தவர். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அவர் வந்த புதிதில் ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பதி ஒன்று ஆராதனைக்கு வந்தது. ஒன்றும் தெரியாமல் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அது ஸ்டோர்கீப்பர் மாமாவின் இடம். மாமா அவர்கள் பக்கத்தில் போய் நின்றார். எழுந்திருக்கும் வரை நின்றார். அந்தத் தம்பதி அதற்குப் பிறகு வரவில்லை. போதகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

அந்த வருஷம் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் போட்டார். கோயில் காம்பவுண்டில் பந்தல், வெளியூர்ப் பிரசங்கியார், மூன்று நாளும் கண்ணீர். “என்னை மாற்றும் ஆண்டவரே என்று சொல்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்” என்றபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. அப்பா இரண்டு கைகளையும் உயர்த்தினார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவும் உயர்த்தியிருந்தார்.

மறு ஞாயிறு போதகர் அறிவிப்பு வாசிக்கையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “மூணு நாளும் எல்லாரும் கையைத் தூக்கினீங்க, ஸ்தோத்திரம். மனசு மாறிச்சான்னு நான் பாக்க முடியாது. பெஞ்சு மாறினா பாக்கலாம். அடுத்த ஞாயிறு சீட்டு எடுப்போம். குடும்பம் குடும்பமா உட்காருவோம். ஒரு பெஞ்சுக்கு ரெண்டு குடும்பம்.”

ஸ்டோர்கீப்பர் மாமா எழுந்தார்.

“ஐயா, அடுத்து எங்க வீட்டு அடுப்படியையும் சீட்டுப் போட்டு மாத்துவீரோ?”

“மீன் குழம்பு எந்த வீட்லன்னு சொல்லுங்க மாமா, அந்தச் சீட்ட நானே எடுத்துக்கிடுதேன்” என்றார் போதகர். சபை சிரித்துவிட்டது. சிரித்த பிறகு எதிர்ப்பது கஷ்டம்.

சீட்டை ஒரு பிள்ளை எடுக்க வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள். பத்து வயது எனக்கு. என்னால் பொய் சொல்ல முடியாது என்பது ஊரறிந்த விஷயம். அது நல்ல குணத்தினால் அல்ல. பொய் சொன்னால் எனக்கு வயிறு கலங்கும். பொய் சொல்லாவிட்டாலும் கலங்கும், அது வேறு. ரயில் லேட்டானால், அம்மா கடையிலிருந்து வரத் தாமதித்தால், வானம் கறுத்தால், எல்லாவற்றுக்கும் என் வயிற்றில் ஒரு மணி அடிக்கும். பின்னால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பரீட்சைக்கு முன்னால் அடித்த அந்த மணிதான் காரணம். தமிழ் எழுத்தைக்கூட வேதாகமத்திலும் பாட்டுப் புத்தகத்திலுமாகப் பார்த்துப் படித்துக்கொண்டவள்தான்.

அந்த வாரம் மணி நிற்கவே இல்லை. அடுப்படியில் அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

“அவன் பெஞ்சும் நம்ம பெஞ்சும் ஒண்ணா வந்துச்சின்னா, நான் மெம்பர்ஷிப்ப எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன், பாத்துக்கோ.”

“கைய மட்டும் ரெண்டா தூக்கினீய” என்றாள் அம்மா.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதுதான் எனக்கு அதிகப் பயம். அதிலும் அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஞாயிறு. எங்கள் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் பெஞ்சு பெஞ்சாகத்தான் எழுந்து போவார்கள். ஒரே பெஞ்சில் இருந்தால் ஒன்றாகப் போக வேண்டும், பலிபீடத்துக் கிராதி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்காற்படியிட வேண்டும். அப்பா அதற்கு ஒப்புவாரா? எழுந்து சபையை விட்டே போய்விடுவார். அதன் பிறகு எங்களுக்குக் கோயில் கிடையாது, ஓய்வுநாள் பள்ளி கிடையாது, கிறிஸ்மஸ் கிடையாது. நான் செத்தால் யார் அடக்கம் செய்வார்கள் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா சீட்டுகளை எழுதினார். ஒன்று முதல் பத்து வரை, ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை. இருபதையும் எண்ணிப் பார்த்து என்னிடம் மடிக்கக் கொடுத்தார். வாசலோரப் பெஞ்சுக்குப் பத்தாம் நம்பர். சித்தி எப்போதும் உட்காருகிற இடம். மடிக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒரு பத்தை ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டியது. சித்தப்பா பெயரைக் கூப்பிடும்போது அதைக் கொடுத்துவிட வேண்டியது. அவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள், நாங்கள் வேறு எங்காவது இருப்போம். பெட்டியில் இன்னொரு பத்து இருக்கிறதே என்று தோன்றத்தான் செய்தது. பத்தொன்பது சீட்டில் அதுவா நமக்கு வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். கணக்கில் நான் எப்போதுமே மோசம்.

ஞாயிறு காலை பஃப் கை வைத்த கவுன் போட்டுக்கொண்டேன். சீட்டு வலது கையின் எலாஸ்டிக்குக்குள் இருந்தது. புத்தாண்டு அன்று வாக்குத்தத்த வசனம் எடுக்கிற தகரப் பெட்டியைப் போதகர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பெஞ்சுகளில் சாக்பீஸால் எண் போட்டிருந்தது. சபையார் எல்லாரும் சுவரோரமாக, ரேஷன் கடையில் நிற்பது போல் நின்றார்கள்.

சபைப் பதிவேட்டில் முதல் குடும்பம் எங்களுடையது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். விரலில் ஒட்டிய முதல் சீட்டை எடுத்துப் பிரித்தேன்.

பத்து.

முன்வரிசை செக்ரட்டரி வாசலோரத்துக்கா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உடனே போய் உட்காராமல், எல்லாருக்கும் எடுத்து முடியட்டும் என்பது போல் அம்மாவோடு முன்னாலேயே நின்றார். கவுன் கைக்குள் இருந்த சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. சபையின் எல்லாக் கண்ணும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஸ்டோர்கீப்பர் மாமாவுக்கு ஒன்பது வந்தது. “நல்லது, சீக்கிரம் வீட்டுக்குப் போவலாம்” என்றார். ஒவ்வொரு சீட்டாக வெளியே வந்தது. இன்னொரு பத்து மட்டும் வரவே இல்லை. எப்படி வரும்? அது என் கவுன் கைக்குள் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டபோது அவர் பெயரை எங்கள் குடும்பத்திலிருந்து அடித்து, பதிவேட்டின் கடைசியில் தனிக் குடும்பமாக எழுதினார்கள். எழுதியதே அப்பாதான். அதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. கடைசிப் பெயரைக் கூப்பிட்டபோது பெட்டி காலி.

போதகர் பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார். “ஒண்ணு குறையுதே. செக்ரட்டரி ஐயா, இருபதுதான எழுதினீங்க?”

“இருபதுதான். ரெண்டு தடவ எண்ணினேன்” என்றார் அப்பா. இதற்கு முன்னும் பின்னும் அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

கையைச் சொறிவது போல் எலாஸ்டிக்குக்குள் விரலை விட்டேன். அதே கையைப் பெட்டிக்குள் விட்டுத் துழாவினேன். “மூலையில ஒட்டியிருந்துச்சி” என்றேன். கோயிலில், பலிபீடத்துக்கு முன்னால், என் முதல் முழுப் பொய்.

சித்தப்பாவும் சித்தியும் பத்தாம் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்கள். சித்தியின் மடியில் அவர்கள் குழந்தை. அப்பா பைபிளை எடுத்துக்கொண்டு நடு வழியில் நடக்கத் தொடங்கினார். மிக மெதுவாக நடந்தார். கோபம் என்று நினைத்தேன். நேராக வாசலைத் தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். பாதி தூரம் போயிருப்பார், சித்தப்பா சட்டென்று எழுந்து நின்றார். அப்பா நின்றுவிட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நான் போதகரின் அங்கியைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா எங்கும் போகவில்லை. உள்ளே ஒருவர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். சித்திதான் பேசினாள், அவளுக்குத் தெரிந்த தமிழில்.

“வாங்க அத்தான். இங்கே ஹவா… காத்து நல்லா வர்றது.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அப்பா போய் உட்கார்ந்தார். பின்னாலேயே அம்மா போய், சித்தியின் தோள்மேல் சேலையைச் சரி செய்துவிட்டாள். சரியாக இருந்த சேலையைத்தான்.

திருவிருந்து நேரத்தில் அப்பா வழக்கமாக எழுந்து வாசலுக்குப் போவார். பத்து மணி ஆராதனைக்காரர்கள் முன்கூட்டியே வண்டிகளில் வந்துவிடுவார்கள், ஹாரன் அடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பார். மூன்று வருஷமாக முதல் ஞாயிறுதோறும் அந்த வேலையைத் தவறாமல் செய்தார். சகோதரனோடு மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அப்பம் வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு வெளியே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்று நன்றாகவே ஹாரன் அடித்தன. அப்பா அசையவில்லை. எங்கள் பெஞ்சின் முறை கடைசியாக வந்தது. நான் திடப்படுத்தல் எடுக்காத பிள்ளை, திருவிருந்துக்குப் போகக் கூடாது. சித்தி குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவனை நான் தூக்கியது அதுதான் முதல் தடவை. கனமாக இருந்தான், பவுடர் வாசம் அடித்தான். நான்கு பேரும் கிராதி முன்னால் வரிசையாக முழங்காற்படியிட்டார்கள். பின்னாலிருந்து எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. அப்பாவின் குதிகாலும் சித்தப்பாவின் குதிகாலும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் வெடித்திருந்தன.

அதன் பிறகு எங்கள் சபையில் பெஞ்சு யாருக்கும் சொந்தமில்லை. வருஷம் ஒருமுறை சீட்டு எடுக்கிறோம். சித்தியின் தமிழ் இப்போது எங்கள் எல்லாரையும் திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டது. ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனிப் பிள்ளைகள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு பாட்டை ஹிந்தியிலும் பாடுகிறார்கள். ஸ்டோர்கீப்பர் மாமா அதற்குத் தாளம் போடுகிறார். அப்பா மட்டும் ஒவ்வொரு வருஷமும் அந்த ஞாயிற்றைச் சாட்சியாகச் சொல்வார்: “கர்த்தரே அந்தச் சீட்ட எடுத்தார்.” சபை ‘ஆமென்’ சொல்லும். நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்ப்பேன்.

பதினைந்து வருஷம் அதைச் சுமந்தேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, நான் வேலை பார்க்கிற கேன்டீனில் விட அப்பா ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். ஹிஞ்சேவாடி பாலத்தடியில் வண்டி நகரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவர் முகம் தெரியவில்லை, அதனால் சொல்லிவிட்டேன். கவுன் கை, எலாஸ்டிக், பொய், எல்லாவற்றையும்.

முன்னால் நின்ற பஸ் ஒரு அடி நகர்ந்தது. அப்பா காலால் தள்ளி ஒரு அடி நகர்ந்தார்.

“ஏட்டி, ஒண்ண ஒளிச்சி வச்ச, சரி. அதுக்கு முன்னால கண்ண மூடிக்கிட்டு நமக்குப் பத்து எடுத்தியே, அது யாரு?”

பஸ் இன்னொரு அடி நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம்.

“அத விடு,” என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. “அன்னைக்கி சித்தப்பன் எந்திரிச்சானே, அப்பம் எனக்குக் காலே வரல. நான் வந்து உக்காருததுக்கு முன்னாடி அவன் வெளிய போயிட்டாம்னா? அந்த வாரம் பூரா அந்தப் பயந்தான்.”

வயிற்றில் மணி அடிக்கிறவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். மெம்பர்ஷிப்பை எழுதிக் கொடுப்பேன் என்றதும், மூன்று வருஷம் ஹாரனுக்குக் காவல் நின்றதும், அன்று அந்த நடு வழியில் அத்தனை மெதுவாக நடந்ததும் கோபம் என்றுதான் எண்ணியிருந்தேன். பயத்திலும் ஒரு மனிதர் அப்படி நடப்பார் என்பதும், பயந்துகொண்டே நடந்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியாது.