நல்ல நேரத்தில் எடுத்த வண்டி

அடையாற்றில் ஒரு கிளப் மைதானத்துக்குப் புல் வெட்டுகிறவன் இசக்கிமுத்து. உட்கார்ந்து ஓட்டுகிற அந்தப் புல்வெட்டும் வண்டியை வேறு யாராவது தொட்டால் வள்ளென்று விழுவான்.

எழுபத்துமூன்றில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பழைய ஆயிலை வடித்தான். பிளேடைச் சாணை பிடித்தான். சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்தான். புது ஆயில் இன்னும் வந்து சேரவில்லை. மறுநாள் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆயிற்று. இனி விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அந்த நேரத்துக்கு அவன் ஏறி உட்கார்ந்தபோது, கூட வேலை பார்க்கும் ஹபீப் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணாத்தே, ஒரு நிமிசம்..."

"கெளம்பும்போது ஏம்ல கூப்பிடுத? வாய மூடு!"

சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஒரு சுற்று முடிவதற்குள் என்ஜின் கடகடத்து இறுகிப்போனது. பிறகு அது கிளம்பவே இல்லை. டின்னில் இருந்தது, பூஜை மும்முரத்தில் அவன் மறந்தேபோன புது ஆயில்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பல வருஷம் கையால் தள்ளும் மிஷினில்தான் புல் வெட்டினார்கள். "நான்தான் சொல்ல வந்தேனே" என்று ஹபீப் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சண்டை போட்டாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பான் இசக்கிமுத்து.